கே.பி. சுந்தராம்பாள்: ஆளு கொடுமுடி, வேஷமெல்லாம் நம்ம ஜில்லா

பாலாத்து_மணல் | ஞாயிறு, இரவு 9.40

ஆடிக் கிருத்திகைக்கு வள்ளிமலை போயிருந்தோம். அடிவாரத்துல கூட்டம் தாங்கல. எங்க அக்கா பையன் எட்டாவது படிக்கிறான், கரும்பு ஜூஸ் வேணும்னு நின்னுட்டான். கடைக்கு நேர் மேல புளியமரத்துல மைக் செட்டுக்காரர் குழாய் கட்டி வச்சிருந்தார். அதுலேருந்து சுந்தராம்பாள் குரல். பையன் டம்ளரை வாய்கிட்ட கொண்டுபோய் அப்படியே நிறுத்திட்டு கேட்டான்: "மாமா, இது பாடுறது ஆம்பளையா, பொம்பளையா?"

நான் சிரிச்சுட்டேன். ஜூஸ் பிழிஞ்சுக்கிட்டிருந்த அம்மா சிரிக்கல. "சாமி பாட்டுடா, வாயை மூடிக்கிட்டு குடி"ன்னாங்க.

பையன் கேட்டது ஒரு வாரமா மண்டைக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கு. அதான் இந்த இழை.

தெரியாதவங்களுக்காக சுருக்கமா. கே.பி. சுந்தராம்பாள், சுருக்கமா கே.பி.எஸ்., நாடகத்துலயும் சினிமாவுலயும் பாடி நடிச்சவங்க. பிறந்தது 1908, காவிரிக்கரை கொடுமுடி. இனிஷியலைப் பாருங்க: கொடுமுடி, பாலாம்பாள், சுந்தராம்பாள். 'பி' அம்மா பேரு. அந்தக் காலத்துல அம்மா பேரை முன்னாடி போட்டுக்கிட்டு ஒரு பெண் போஸ்டர்ல நின்னாங்க. வறுமை. சின்னப் பிள்ளையில ரயில்ல பாடிக் காசு வாங்குனதா சொல்வாங்க. அப்புறம் வேலு நாயர் நாடகக் கம்பெனி. முதல்ல கட்டுன வேஷம் என்ன தெரியுமா? நல்லதங்காளோட மூத்த பையன். பசிக்குதுன்னு அழுது பாடுற ஆண் பிள்ளை. பசி தெரிஞ்ச குழந்தை பாடினதால எடுபட்டுதுன்னு எல்லாரும் எழுதுவாங்க. நான் அதுல வேற ஒண்ணைப் பிடிச்சுக்கிறேன். இந்த அம்மா மேடைக்குள்ள வந்ததே பையன் வேஷத்துலதான்.

அப்புறம் வள்ளி வேஷம். இலங்கையில நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவோட ஜோடி. 1927-ல கல்யாணம். 1933 டிசம்பர்ல கிட்டப்பா செத்துப் போறார். அவருக்கு 27 வயசு, அம்மாவுக்கு 25. வெள்ளைப் புடவை. இனிமே எந்த ஆம்பளையோடயும் ஜோடியா நடிக்கிறதில்லைன்னு சபதம்.

இப்ப அதுக்கு அப்புறம் வந்த படங்களை வரிசையா வைங்க. 1935 நந்தனார், ஆண் வேஷம். 1940 மணிமேகலை, துறவி. 1953 அவ்வையார், இளமையே வேணாம்னு பிள்ளையார்கிட்ட கிழத்தனத்தை வரமா வாங்குனவ. 1964 பூம்புகார், கவுந்தி அடிகள், சமணத் துறவி. 1965 திருவிளையாடல், மறுபடி அவ்வை. 1973 காரைக்கால் அம்மையார், உடம்புச் சதையை உதறிட்டுப் பேய் உருவம் கேட்டவ.

ஒரு இடத்துலயாவது கதாநாயகி இருக்காளா? இல்ல. காதலன் இருக்கானா? இல்ல. ஆனா படத்தோட நடுநாயகம் யாரு? அவங்கதான். சினிமாவுல இப்படி ஒரு பாதையைப் போட்டுக்கிட்டு அதுல கிட்டத்தட்ட 40 வருஷம் நடந்த ஆளு வேற யாரும் எனக்குத் தெரியல. சபதத்தை நாம கற்புன்னு சொல்லி கற்பூரம் ஏத்திட்டோம். அது ஒரு கலைஞியோட தொழில் முடிவுன்னு பார்த்தா என்ன?

---

கோட்டை_அகழி | ஞாயிறு, இரவு 9.58

அண்ணே, இது வேலூர் குழு. கொடுமுடி அம்மாவைப் பத்திப் பேச ஈரோட்டுல ஆளு இல்லையா?

---

பாலாத்து_மணல் | ஞாயிறு, இரவு 10.15

தம்பி, தலைப்பைப் படிச்சியா? ஆளு கொடுமுடி, வேஷம் நம்ம ஜில்லா.

வள்ளி எந்த ஊரு? காட்பாடியிலேருந்து பொன்னை பக்கம் பஸ் ஏறினா வள்ளிமலை. தினைப்புனம், பரண், யானை வந்து மிரட்டுன இடம் எல்லாத்தையும் இன்னும் பாறை பாறையா காட்டுறாங்க. காரைக்கால் அம்மையார் பிறந்ததுதான் காரைக்கால். தலையால நடந்து வந்து சேர்ந்தது அரக்கோணத்துக்கு அந்தாண்ட இருக்கிற திருவாலங்காடு. கவுந்தி அடிகள் மாதிரி பெண் துறவிங்க இருந்ததுக்கு நம்ம ஆற்காட்டுப் பக்கம் கல்வெட்டே இருக்கு, விவரம் தெரிஞ்சவங்க வந்து சொல்லட்டும். அவ்வைக்கு நெல்லிக்கனி குடுத்த அதியமானோட தகடூரு, ஜவ்வாது மலை ஏறி அந்தப் பக்கம் இறங்கினா வந்துடும்.

நம்ம ஊரைப் பத்தி என்ன சொல்வாங்க? தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை. அந்த அம்மாவோடது ராஜபார்ட் இல்லாத நாடகம். நம்ம ஊருல பேசாம வேற எங்க பேசுறது?

---

கோட்டை_அகழி | ஞாயிறு, இரவு 10.21

ஹாஹா. சரி, உள்ள வாங்க.

---

கூத்துக்கொட்டாய் | திங்கள், காலை 6.05

ராத்திரி கூத்து முடிஞ்சு இப்பதான் வந்தேன். செய்யாறு பக்கம் ஒரு ஊர்ல துகில். அரிதாரம் இன்னும் காதோரம் ஒட்டிக்கிட்டு இருக்கு. படுக்கிறதுக்கு முன்னாடி நாலு வரி.

நான் 19 வருஷமா பொம்பள வேஷம். பாஞ்சாலி, சுபத்திரை, பொன்னுருவி. மேல அண்ணன் சொன்ன "ஆம்பளையா பொம்பளையா" கேள்வியை எங்க தொழில்ல யாரும் கேக்க மாட்டாங்க. பாஞ்சாலியைத் துகில் உரியிறதுக்கு முன்னாடி கற்பூரம் ஏத்திடுவோம். சபையில இருக்கிற பொம்பளைங்க எழுந்து நின்னு கும்பிடுவாங்க. உள்ள இருக்கிறது நான்னு அவங்களுக்குத் தெரியும், காலையில டீக்கடையில பார்த்தா "வா மாமா"ன்னுதான் கூப்பிடுவாங்க. அப்பவும் கும்பிடுவாங்க.

பொம்பள வேஷத்துக்கு எல்லாரும் நடை, இடுப்புன்னு நினைக்கிறாங்க. எங்க வாத்தியார் முதல்ல சொன்னது தோள். "தோளை இறக்குடா, தோள் இறங்கினா குரல் தானா ஏறும்"னார். சுந்தராம்பா அம்மா நந்தனாரா நடிச்சப்ப இதைத் திருப்பிப் போட்டிருப்பாங்க. பண்ணையாள் வேஷம், அவனுக்கும் தோள் இறங்கித்தான் இருக்கும், ஆனா அது வேற இறக்கம். பொம்பள வெக்கத்துல இறங்குற தோள் ஒண்ணு, அடிமைக்கு பயத்துல இறங்குற தோள் ஒண்ணு. ரெண்டையும் ஒருத்தர் உடம்புல வச்சிருந்தா அது நடிப்புதான்.

அப்புறம் இன்னொண்ணு. அவங்க வந்தது ஸ்பெஷல் நாடகம். நம்ம கூத்து வேற, அது வேற, குழப்பிக்காதீங்க. கூத்துல செட்டு ஒண்ணா இருக்கும், வருஷம் பூரா சேர்ந்து ஆடுவோம். ஸ்பெஷல்ல ராஜபார்ட் ஒரு ஊரு, ஸ்திரீபார்ட் ஒரு ஊரு, பபூன் ஒரு ஊரு. தாம்பூலம் வாங்கிக்கிட்டு அன்னிக்கு சாயங்காலம் வந்து இறங்குவாங்க. ஒத்திகையே கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதின பாட்டு எல்லாருக்கும் மனப்பாடம், அவ்வளவுதான் பொதுச் சொத்து. மீதி எல்லாம் மேடையில மோதிக்கிறது.

வள்ளி திருமணத்துல நாரதரோட ஒரு தர்க்கம், அப்புறம் வேலனோட ஒரு தர்க்கம். கேள்வி பாட்டுல வரும், பதில் அதே மெட்டுல, அதே சுருதியில குடுக்கணும். எதிராளி வேணும்னே மேல் ஸ்தாயிக்கு இழுப்பான். ஆர்மோனியப் பெட்டிக்காரர் சிரிச்சுக்கிட்டே பார்ப்பார், ஏறுவாளா மாட்டாளான்னு. ஏறலன்னா சீட்டியடிச்சு அனுப்பிடுவாங்க. மைக் கிடையாது. கடைசி வரிசையில சுருட்டு பிடிக்கிற ஆளுக்கும் எழுத்து எழுத்தா விழணும். இப்படி பத்து பதினஞ்சு வருஷம் அடிபட்ட தொண்டை அது. பையன் குழம்பினதுல தப்பில்ல.

படுக்கிறேன். மத்தியானம் வரேன்.

---

பீடி_இலை | திங்கள், காலை 11.30

குடியாத்தத்துலேருந்து எழுதுறேன். முதல் பதிவு எழுதின அண்ணனுக்கு ஒரு கேள்வி. 25 வயசுல வெள்ளைப் புடவை கட்டுன ஒரு பொண்ணுக்கு அந்த ஊரு வேற என்ன வேஷம் குடுத்திருக்கும்? "தொழில் முடிவு"ன்னு அழகா சொல்றீங்க. கதவை எல்லாம் வெளியிலேருந்து சாத்திட்டு, மிச்சம் இருந்த ஜன்னல் வழியா வந்தவளைப் பார்த்து "ஆகா, எவ்வளவு தைரியமா ஜன்னலைத் தேர்ந்தெடுத்தா"ங்கிற மாதிரி இருக்கு.

கிட்டப்பா ஏற்கனவே கல்யாணம் ஆனவர். அது தெரிஞ்சுதான் கட்டிக்கிட்டாங்க. கொஞ்ச நாள்ல பிரிவு. கடிதம் மேல கடிதமா எழுதினாங்க, அதெல்லாம் பின்னாடி அச்சாகி வந்துடுச்சு. அந்த ஆளு இருந்தப்பவே பாதி நாள் தனியாத்தான் இருந்தாங்க. செத்ததுக்கு அப்புறம் மட்டும் 47 வருஷம் முழுசா அவரோட பொண்டாட்டி. 1980-ல கண்ணை மூடுற வரைக்கும் வெள்ளைதான். கிட்டப்பா பாட்டைக் கேட்டு உருகுறவங்க இந்தக் கணக்கையும் கொஞ்சம் போட்டுப் பார்க்கணும்.

எங்க ஆயாவைப் பத்தி சொல்றேன். ஆயா 31 வயசுல தாத்தாவைப் பறிகொடுத்தவங்க. பீடி சுத்தித்தான் எங்க அம்மாவையும் மூணு மாமாங்களையும் வளர்த்தாங்க. நனைச்ச இலையை ஈரத்துணியில சுத்தி வச்சிருப்பாங்க. மடியில முறம், கத்தரி, அளவுத் தகடு. தகட்டை இலை மேல வச்சு நரம்பு ஓரமா போகிற மாதிரி வெட்டுவாங்க. தூள் ஒரு சிட்டிகை, ஒரு உருட்டு, வாயை மடிச்சு நூல் ரெண்டு சுத்து. பக்கத்துல ரேடியோ. சுந்தராம்பா பாட்டு வந்தா மட்டும் கை மெதுவாயிடும். ஆயிரம் சுத்தி முடிக்க வேண்டிய நாள்ல கை மெதுவாகிறதுன்னா அதுக்கு எவ்வளவு விலைன்னு உங்களுக்குத் தெரியாது.

நான் ஒரு தடவை கேட்டேன், "ஆயா, இந்த அம்மா பாட்டு உனக்கு ஏன் இவ்வளவு புடிக்கும், பக்தியா?" ஆயா நூலைப் பல்லால கடிச்சு அறுத்துட்டு சொன்னாங்க: "பக்தியாவது ஒண்ணாவது. வெள்ளைப் புடவையோட சபையில நடுவுல நிக்கிறா பாரு. என்னை எங்க அண்ணன் பொண்ணு கல்யாணத்துல பந்தலுக்குப் பின்னாடி உக்கார வச்சாங்க."

---

பாலாத்து_மணல் | திங்கள், மதியம் 1.10

அக்கா, ஜன்னல் விஷயம் ஒத்துக்கிறேன். முதல் பதிவுல "தொழில் முடிவு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சது என் அவசரம்.

ஆனா உங்க ஆயா சொன்னதுலயே எனக்கும் கொஞ்சம் பதில் இருக்கு. வெள்ளைப் புடவைன்னா பந்தலுக்குப் பின்னாடி. இந்த அம்மா அதே வெள்ளையோட பந்தலுக்கு நடுவுல வந்து நின்னுட்டாங்க. நந்தனாருக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம். தமிழ்ல லட்சம் வாங்குன முதல் நட்சத்திரம் அவங்கதான், ஆம்பளைங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன். சினிமா வேணாம்னு தட்டிக் கழிக்கத்தான் அந்தத் தொகையைக் கேட்டாங்க, தயாரிப்பாளர் சரின்னுட்டார்னு ஒரு கதை சொல்வாங்க. கதையா இருந்தாலும் நல்ல கதை.

காங்கிரஸ் மேடையில சத்தியமூர்த்தி பேச்சுக்கு முன்னாடி இவங்க பாட்டு. பின்னாடி சட்ட மேலவை உறுப்பினர். விதவை முகத்துல முழிச்சா காரியம் கெட்டுடும்னு நினைச்ச அதே ஜனம், இவங்க முகத்தைப் பார்க்க வண்டி கட்டிக்கிட்டு வந்தது.

---

பீடி_இலை | திங்கள், மதியம் 1.25

இவங்க முகத்தைப் பார்க்க வந்த ஜனம் வீட்டுக்குப் போய் எங்க ஆயாவைத் திரும்பவும் பின்னாடிதான் உக்கார வச்சாங்க. அதையும் எழுதிக்கோங்க.

---

கோட்டை_அகழி | திங்கள், மாலை 4.45

நான் கொஞ்சம் கல்லைப் போடுறேன். பாட்டு சரி, யாரும் மறுக்கல. நடிப்பு? நந்தனார் வந்தப்ப கல்கி விகடன்ல கிழிச்சாரே, பனைமரமும் எருமையும்தான் படத்துல நல்லா நடிச்சிருக்குங்கிற மாதிரி. அப்புறம் பார்த்தா எல்லாப் படத்துலயும் ஒரே வேலை: கோலை ஊனிக்கிட்டு வருவாங்க, பாடுவாங்க, ஆசீர்வாதம் பண்ணுவாங்க, போயிடுவாங்க. மனோரமா மாதிரி ஒரு ஆளை எடுத்துக்குங்க. அவங்களும் நாடகத்துலேருந்து வந்தவங்கதான். ஆயிரம் படத்துக்கு மேல. ஒவ்வொரு படத்துலயும் ஒரு ஊரு பாஷை, ஒரு ஆளு. அதுதான் நடிகை. கே.பி.எஸ். பாடகின்னு சொல்லிட்டுப் போயிடலாமே?

---

கூத்துக்கொட்டாய் | திங்கள், மாலை 5.30

எழுந்துட்டேன்.

தம்பி, ஒரு வேலை செய். உங்க வீட்டுல ஒரு தடியை எடுத்து ஊனிக்கிட்டு அசையாம அஞ்சு நிமிஷம் நில்லு. நீ கிழவன் மாதிரி இருக்கியா, தடி வச்சிருக்கிற தம்பி மாதிரி இருக்கியான்னு வீட்டுல கேளு. ஆடுறது சுலபம். நான் ராத்திரி பூரா ஆடுறவன், சொல்றேன். நிக்கிறதுதான் கஷ்டம்.

அவ்வையார் படத்துல யானைங்க கோட்டையை இடிக்க வரும் பாரு. ஜெமினி வாசன் காசை அள்ளி விட்டு எடுத்த காட்சி. அத்தனை யானை நடுவுல கண்ணு எங்க போவுது? அந்தக் கிழவிகிட்ட. நிஜ யானைக்கு முன்னாடி பேர் வாங்குறது லேசு இல்ல. எங்க செட்டுல ஒரு தடவை ஆட்டுக்குட்டியை மேடைக்குக் கொண்டு வந்தாங்க. அன்னிக்கு அர்ச்சுனனை யாரும் பார்க்கல.

மனோரமா ஆச்சி வேற ஜாதிக் கலை. அவங்க நூறு வீட்டுக்குள்ள போயிட்டு வருவாங்க. இவங்க ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, ஊரை வரவைப்பாங்க. ரெண்டும் நாடக மேடை குடுத்த வித்தைதான்.

---

வந்தவாசி_நயினார் | திங்கள், இரவு 8.20

இழையைத் தாமதமாகத்தான் பார்த்தேன். கவுந்தி அடிகள் என்று வந்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் தமிழ்ச் சமணர்கள். வந்தவாசி, போளூர், ஆரணி சுற்றுவட்டாரத்தில் இன்னும் சில ஆயிரம் பேர் இருக்கிறோம். வேலூரில் பாதிப் பேர் எங்களை மார்வாடி என்றே நினைக்கிறார்கள். பொட்டு வைத்துத் தமிழ் பேசினால், 'ஜைனர் என்று சொன்னீர்களே' என்று கேட்பார்கள். போகட்டும்.

ஆற்காட்டுக்குப் பக்கத்தில் விளாப்பாக்கம். அங்கே முதல் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு, பத்தாம் நூற்றாண்டு. திருப்பான்மலை அரிட்டநேமி படாரரின் மாணாக்கி பட்டினிக் குரத்தி ஒரு கிணறு வெட்டி, அதைப் பெண் பள்ளிக்கு, அதாவது பெண் துறவியர் மடத்துக்கு, வைத்த செய்தி அதில் இருக்கிறது. குரத்தி என்றால் பெண் குரு. குரவர் என்பதற்குப் பெண்பால். மலைக்குறத்தி இல்லை, வல்லின றகரம் போட்டுப் படித்து வள்ளியோடு சேர்த்துவிட வேண்டாம்! அந்தத் திருப்பான்மலையைத்தான் இன்றைக்குப் பஞ்சபாண்டவர் மலை என்கிறார்கள். வள்ளிமலையிலும் கங்க மன்னன் ராசமல்லன் காலத்துத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கின்றன. முருகனைக் கும்பிட்டுவிட்டு இறங்குகிறவர்கள் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம்.

எங்கள் ஊரில் பூம்புகார் படம் வந்தபோது டூரிங் கொட்டாயில் தரை டிக்கெட்டில் பெரியவர்கள் எல்லாரும் போய் உட்கார்ந்தார்களாம், எங்கள் அப்பா சொல்லிக் கேட்டது. சினிமாவில் எங்கள் துறவி ஒருவரை மரியாதையாகக் காட்டினார்கள் என்பதே அவர்களுக்குப் பெரிய விஷயம். அதிலும் காட்டியது யார்? திருநீறு பூசாமல் வெளியே வராத முருக பக்தை. அந்தப் படத்தில் அவருக்குச் சமண வேடம். அவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.

பாட்டில் அவர் வாதாடிய கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வசனம் கலைஞர். கோவலன் கொலையுண்ட பின் கவுந்தி பாடும் பாட்டில், 'தெய்வம் எங்கே போய்விட்டது' என்று கேட்கிற மாதிரி ஒரு வரி. நான் பாடமாட்டேன் என்று சுந்தராம்பாள் சொல்லிவிட்டார். கடைசியில் தெய்வம் வந்துவிட்டது என்று பொருள்படும்படி வரி மாறியது. கடவுள் இல்லை என்கிற எழுத்தாளர், கடவுள் உண்டு என்கிற பாடகி, நடுவில் படைப்புக் கடவுளை ஏற்காத சமணத் துறவியின் வேடம். மூன்று பேரும் அவரவர் இடத்தை விடாமல் ஒரு பாட்டு முடிந்தது. சமணக் கணக்கில் பார்த்தால் வந்ததும் போனதும் தெய்வம் இல்லை, ஊழ்வினை. அதைச் சொல்ல அன்று அங்கே எங்கள் ஆள் யாரும் இல்லை.

---

பாலாத்து_மணல் | திங்கள், இரவு 8.50

ஐயா, இந்த ஒரு பதிவுக்காகவே இழையை ஆரம்பிச்சது வீண் போகல. ரகரம் றகரம் திட்டை நான் வாங்கிக்கிறேன். வள்ளியோட சேர்த்து ஒரு பத்தி எழுதி வச்சிருந்தேன், அழிச்சுட்டேன்.

நான் சொல்ல வந்ததுக்கு ஒரு சாட்சியும் சேர்த்துக்கிறேன். சுந்தராம்பாள் அவ்வையா நடிக்கிறதுக்கு முன்னாடியே தமிழ் மேடையில அவ்வையாருக்குப் பேர் வாங்கினவர் யாரு? டி.கே. சண்முகம். ஆம்பளை. அவ்வை சண்முகம்னே பேர் நின்னுடுச்சு, சென்னையில அந்தப் பேருல ரோடே இருக்கு. ஆம்பளை ஒருத்தர் அவ்வை ஆகுறார். பொம்பளை ஒருத்தங்க நந்தனார் ஆகுறாங்க. திருவிளையாடல்ல இவங்களை அவ்வையா நிக்க வச்ச ஏ.பி. நாகராஜனும் பையனா இருந்தப்ப ஸ்திரீபார்ட் போட்டவர். அதே படத்துல சிவனா வர்ற சிவாஜி, பாய்ஸ் கம்பெனியில சீதை வேஷத்துல ஆரம்பிச்சவர். அந்தப் படத்துல கைலாசத்துல நிக்கிற பாதிப் பேருக்குப் புடவை கட்டத் தெரியும்.

சினிமா வந்து ஆம்பளை ஆம்பளைதான், பொம்பளை பொம்பளைதான்னு கோடு போட்டுச்சு. குளோசப் வந்தா வேஷம் தெரிஞ்சுடுமே. மத்தவங்க எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துட்டாங்க. இவங்க மட்டும் கோட்டு மேலயே நின்னாங்க.

---

பீடி_இலை | திங்கள், இரவு 9.15

இதை முதல் பதிவுலயே சொல்லியிருந்தா நான் சண்டைக்கு வந்திருக்க மாட்டேன்.

கூத்துக்கொட்டாய் அண்ணனுக்கு ஒரு கேள்வி, கோவிச்சுக்கக் கூடாது. ஆம்பளைங்க பாஞ்சாலி கட்டுறீங்க, சந்தோஷம். பொண்ணு ஒருத்தி துரியோதனன் கட்டுறேன்னு வந்தா? எங்க சித்தி பொண்ணு பதினாலு வயசுல ஒரு செட்டு வாத்தியார்கிட்ட போய் நின்னா. பேரு ஊரு வேணாம். "பொட்டப்பிள்ளைக்கு கிரீடம் தாங்காதும்மா"ன்னு சிரிச்சு அனுப்பிட்டார். தலையில ரெண்டு குடம் தண்ணி தூக்கிட்டு வர்ற பிள்ளை அது.

---

கூத்துக்கொட்டாய் | திங்கள், இரவு 10.40

கோவம் இல்லம்மா. அந்த வாத்தியார் நானா இல்லாம இருக்கணும்னு வேண்டிக்கிறேன்.

கிரீடம், புஜக்கட்டை, மார்புக்கட்டை எல்லாம் மரம்தான், கனம்தான். தாங்காதுங்கிறது பொய். ராத்திரி பயணம், தங்குற இடம், ஊர் வாய், இதுக்குத்தான் பயந்தோம். அந்தப் பயத்தைக் கிரீடம் மேல ஏத்தி வச்சுட்டோம். காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கல்ல கட்டைக்கூத்துச் சங்கம் 2002-ல குருகுலம் ஆரம்பிச்சு பொண்ணுங்களுக்கும் கத்துக்குடுத்தாங்க. அங்க கட்டை கட்டிக்கிட்டு பொண்ணுங்க கிறுகி அடிச்சதை, அதான் சுத்திச் சுத்தி ஆடினதை, நானே போய் பார்த்தேன். பார்த்துட்டு வந்த அன்னிக்கு ராத்திரி எனக்கு பாஞ்சாலி சரியா வரல. ஏன்னு கேக்காதீங்க.

---

பேர்ணாம்பட்டு_பாய் | செவ்வாய், காலை 10.05

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ரெண்டு நாளா படிக்கிறேன், எழுதக் கை வரல.

நான் வேலூர் லாங்கு பஜார் பக்கத்துல 22 வருஷம் கேசட் கடை வச்சிருந்தேன். இப்ப அதே இடத்துல செல்போனுக்கு கிளாஸ் ஒட்டுறேன். ஆடி மாசம் வந்தா என் வியாபாரமே சுந்தராம்பா அம்மாதான். காவடி கட்டுற பார்ட்டிங்க, மைக் செட்டுக்காரங்க வரிசையா வருவாங்க. லிஸ்ட் எழுதிக் குடுத்துட்டுப் போவாங்க, நான் ரெக்கார்டுலேருந்து எடுத்து அறுபது, தொண்ணூறு நிமிஷக் கேசட்ல பதிஞ்சு குடுப்பேன். திருத்தணி, ரத்தினகிரி, வள்ளிமலை மூணுக்கும் ஒரே லிஸ்ட்தான்.

பதியிறப்ப ஒரு தொல்லை. மத்த பாட்டுக்கு எல்லாம் சவுண்டு மீட்டர் ஊசி ஒரு அளவுல ஆடும். இந்த அம்மா மேல போனா ஊசி செவப்புல போய் முட்டி நின்னுடும். சவுண்டைக் குறைச்சா கீழ பாடுற இடம் காணாம போயிடும். அதனால இவங்க பாட்டுக்கு மட்டும் நான் கூடவே உக்காந்து திருகிக்கிட்டே இருக்கணும். எந்த எழுத்துல ஏறுவாங்கன்னு எனக்கு மனப்பாடம். எங்க வாப்பா ஒரு தடவை கடைக்கு வந்தவர் பார்த்துட்டு, "தொழுகைக்குக்கூட நீ இவ்வளவு கவனமா நின்னதில்லையேடா"ன்னார்.

1969-ல வந்த துணைவன் பாட்டுக்கு அவங்களுக்கு தேசிய விருது குடுத்தாங்க, அப்ப வயசு அறுபது. அறுபது வயசுல மத்தவங்க குரல் இறங்கும். என் ஊசி அந்தப் பாட்டுலயும் செவப்புக்குத்தான் போச்சு.

அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு எனக்கு பதில் தெரியாது. ஆனா கடையில நான் கேசட் அட்டையில ஆண் குரல், பெண் குரல்னு எழுதித்தான் அடுக்குவேன். இவங்களுக்கு மட்டும் தனித் தட்டு.

---

கோட்டை_அகழி | செவ்வாய், காலை 10.30

பாய், நான் தோத்துட்டேன். பாடகிதான்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். நேத்து ராத்திரி தடியோட நின்னும் பார்த்தேன். எங்க அம்மா வந்து "எதுக்குடா நாயை அடிக்க நிக்கிற"ன்னாங்க.

---

மட்டுறுத்துநர் | செவ்வாய், காலை 11.00

இழை நல்லபடி போகிறது. ஜாதிப் பேச்சோடு வந்த ரெண்டு பதிவை மட்டும் நீக்கியிருக்கிறேன். நீக்கப்பட்டவர்கள் தனிமடலில் சண்டை போடலாம். தலைப்பில் ஜில்லா என்று இருப்பதைப் பார்த்து "இப்போ நாலு மாவட்டம், எந்த ஜில்லா?" என்று கேட்டவருக்கு: பழைய வட ஆற்காடுதான்.

---

பாலாத்து_மணல் | செவ்வாய், இரவு 8.00

பாய், அந்தத் தனித் தட்டுல ஏதாவது மிஞ்சி இருக்கா? என்கிட்ட டேப் ரெக்கார்டர் இருக்கு, ஓடுது. அக்கா பையனுக்குப் போட்டுக் காட்டணும். யூடியூப்ல போட்டுக் காட்டினேன், ஃபோன் ஸ்பீக்கர்ல கொசு பாடுற மாதிரி இருக்கு.

---

பேர்ணாம்பட்டு_பாய் | செவ்வாய், இரவு 9.35

பரண்ல ஏறிப் பார்த்தேன் தம்பி. ஒண்ணு கிடைச்சுது, தொண்ணூறு. மேல என் கையெழுத்து, "கே.பி.எஸ். ஆடி" அப்படின்னு. ஏ சைடு அப்படியே இருக்கு. பி சைடுல என் பொண்ணு பத்தாவது படிச்சப்ப இயற்பியல் பாடத்தை வாய்விட்டுப் படிச்சு பதிஞ்சு வச்சிருக்கா. பாதியில அவ நிறுத்துன இடத்துல அம்மா குரல் மறுபடி ஆரம்பிக்குது, அரை வரியிலேருந்து.

பூஞ்சை லேசா இருக்கு. அப்படியே போட்டா ஹெட் அடைச்சுக்கும். பஞ்சுல ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சு, பென்சில் விட்டு ரெண்டு தடவை முழுசா சுத்தி வைக்கிறேன். வியாழக்கிழமை கடைக்கு வாங்க. பையனையும் கூட்டிட்டு வாங்க. குடியாத்தம் அம்மா வர்றதா இருந்தா ஆயாவையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க, கடை முன்னாடி படி ஒண்ணுதான், நான் கை புடிச்சு ஏத்திக்கிறேன்.

---

பீடி_இலை | செவ்வாய், இரவு 9.50

வியாழக்கிழமை பீடிக் கட்டு ஒப்படைக்கிற நாள் பாய். சனிக்கிழமை வெச்சுக்கலாமா? ஆயாவுக்கு முன் சீட்டு வேணுமாம், கேட்டுச் சொல்லச் சொன்னாங்க.